சீட்டாட்டம் அவையேறிய வரலாறு

ஆட்டங்களைப் பார்ப்போர் நோக்கில் இருவகையாகப் பகுக்கலாம். கண்ணுக்கென்றே அமைந்தவை ஒருவகை. ஓட்டப் பந்தயமும் மற்போரும் உதைபந்தாட்டமும் அத்தகையன. விதிகளை ஒரு சிறிதும் அறியாதவன்கூட மைதானத்தின் ஓரத்தில் நின்று, யார் முந்துகிறார், யார் வீழ்கிறார் என்பதைக் கண்டு களிக்கலாம். மற்றொரு வகை, மனத்தினுள்ளே நிகழும் ஆட்டங்கள். அவற்றுள்ளும் சதுரங்கம் ஓரளவு வெளிப்படையானது. இரு தரப்புக் காய்களும் பலகைமேல் எல்லோர் கண்ணுக்கும் தெரியக் கிடக்கின்றன. சீட்டாட்டமோ அவ்வாறன்று. மறைத்தலே அதன் உயிர். ஒருவர் கையிலுள்ள சீட்டு மற்றவருக்குத் தெரிந்துவிட்டால் ஆட்டம் அக்கணமே செத்துவிடும்.

மறைத்தலையே உயிராகக் கொண்ட ஓர் ஆட்டத்துக்கு அவை கூடுவது எங்ஙனம்? காண இயலாததைக் காண்பதற்கு யார் வருவார்? ஆயினும் வந்திருக்கிறார்கள். இன்று கணினித் திரையிலும் கைத்தொலைபேசியிலும் எங்கோ ஒருவர் சீட்டாடுவதைப் பல்லாயிரம் பேர் நேரலையாகப் பார்த்துக்கொண்டிருக்கிறார்கள். இஃது ஒரே நாளில் நிகழ்ந்த அற்புதமன்று. ஏறத்தாழ நூறாண்டு முயற்சியின் பயன். அம்முயற்சியின் வரலாற்றையே, நேயர்களே, இன்று உங்கள்முன் வைக்க விழைகின்றேன்.

நமக்குப் பழக்கமான ஓர் ஆட்டத்திலிருந்து தொடங்குவோம். முந்நூற்றுநான்கு என்னும் ஆட்டத்தை அறியாத ஊர் நம் நாட்டில் அரிது. எல்லாச் சீட்டுக்களின் புள்ளிகளையும் கூட்டினால் 304 வருவதால் அதற்கு அப்பெயர். கேள்வி கேட்டு வென்றவர் தம் துரும்பை மூடிவைக்கிறார். அது யாதென்று எதிராளிக்குத் தெரியாது, கூட்டாளிக்கும் தெரியாது. ஆனால் அவர் முதுகுக்குப் பின்னால் நிற்கும் ஒருவனுக்குத் தெரியும். சீட்டாட்டத்தின் முதற் பார்வையாளன் இவனே. இவனுக்குக் கண் உண்டு, வாய் இல்லை. பேசினால் ஆட்டம் கெடும். ஆடுபவரும் பேச இயலாது. எதிராளி முழங்கை தொடும் தூரத்தில் அமர்ந்திருக்கிறார். ஆகவே, இன்ன சீட்டை ஏன் இட்டார், ஏன் அந்தச் சீட்டைக் கைவிடாது பிடித்திருக்கிறார் என்பவற்றைப் பார்ப்பவன் தானே ஊகித்தறிய வேண்டும். ஊகிக்க வேண்டுமாயின் ஆட்டத்தை முன்னரே நன்கு அறிந்திருக்க வேண்டும். இதனாலேயே பல தலைமுறைகளாகச் சீட்டாட்டத்தைப் பார்ப்போர் கூட்டம், முதுகுக்குப் பின்னே நிற்கும் நாலைந்து பேருக்குமேல் வளரவில்லை.

இந்த எல்லையை முதலில் உடைத்தது பிரிட்ஜ் என்னும் ஆட்டம். அதன் இன்றைய வடிவமாகிய கொண்ட்ராக்ட் பிரிட்ஜ், 1925 ஆம் ஆண்டு ஒக்டோபர் இறுதியில், பனாமாக் கால்வாய் வழியாக ஹவானாவை நோக்கிச் சென்ற ஒரு கப்பலில் உருவாயிற்று. ஹரல்ட் வண்டர்பில்ட் என்னும் அமெரிக்கச் செல்வர் பழைய ஆட்டத்தின் புள்ளிமுறையை மாற்றியமைத்துத் தம்முடன் பயணஞ்செய்த நண்பர்களோடு ஆடிப்பார்த்தார். நால்வர் இருவிருவராகக் கூடி ஆடும் இவ்வாட்டத்தில் ஒவ்வொருவருக்கும் 13 சீட்டுக்கள். ஒருவர் கைக்கு வரக்கூடிய சீட்டுச் சேர்க்கைகள் மட்டும் 63,501 கோடிக்கு மேற்பட்டவை. கூட்டாளிகள் இருவரும் தத்தம் கையின் வலிமையை, அனுமதிக்கப்பட்ட ஒருசில கேள்விச் சொற்களாலேயே ஒருவருக்கொருவர் உணர்த்தவேண்டும். எனவே இஃது ஓர் ஆட்டம் மட்டுமன்று, ஒரு மொழியுமாகும்.

மொழி எனின் அதனைக் கற்பிக்க ஆசிரியர் வேண்டும். வியப்பு யாதெனின், அவ்வாசிரியத் தொழிலை முதலில் மேற்கொண்டவற்றுள் வானொலியும் ஒன்று. அமெரிக்காவின் ஒஹாயோ மாநிலத்திலே சீட்டுக்கட்டு உற்பத்தி செய்யும் கொம்பனி ஒன்று, 1923 ஆம் ஆண்டில் தன் தொழிற்சாலையிலேயே சொந்தமாக ஒரு வானொலி நிலையத்தை நிறுவிப் பிரிட்ஜ் பாடங்களை ஒலிபரப்பிற்று. சீட்டை விற்பவனுக்கு ஆடுவோர் தேவை. ஆடுவோர் பெருகக் கற்போர் தேவை. கற்போரை வீடுதோறும் சென்று பிடிக்க வானொலியே வழி. வணிக நோக்கம் தெளிவு. எனினும் அதற்குள்ளே ஓர் உண்மை பொதிந்திருந்தது. வானொலியில் எந்தச் சீட்டையும் காட்ட இயலாது. சீட்டுக்களையும் அவற்றின்பின் உள்ள எண்ணத்தையும் சொல்லாலேயே கேட்போர் மனத்தில் வரையவேண்டும். சீட்டாட்டத்தைப் பிறருக்குரியதாக்குவது கண்ணன்று, குரலே என்பதை அவ்வொலிபரப்புக்கள் அன்றே உணர்த்தின. 1928 ஆம் ஆண்டில் அந்நிலையம் வேறொருவர் கைக்கு மாறியது. ஆனால் அந்த உண்மை மாறவில்லை.

குரலோடு நாடகத்தையும் சேர்த்தவர் ஈலி கல்பேர்ட்சன். 1891 ஆம் ஆண்டில் ருமேனியாவிலே, அமெரிக்கத் தந்தைக்கும் ருசியத் தாய்க்கும் பிறந்தவர். 1929 இல் பிரிட்ஜுக்கென்றே ஒரு சஞ்சிகையைத் தொடங்கினார். 1930 இல் தம் ஆட்டமுறையை விளக்கும் நூலை வெளியிட்டார். மூத்த ஆட்டக்காரர் பலர் ஒன்றுதிரண்டு அதற்கெதிராக வேறொரு முறையை அறிவித்தனர். கல்பேர்ட்சன் அஞ்சவில்லை, அவர்களுள் ஒருவரான சிட்னி லென்சை நேருக்கு நேர் ஆட அழைத்தார். 1931 டிசம்பர் 7 ஆம் நாள் நியூயோர்க் நகரின் ஒரு ஹோட்டலில் தொடங்கிய அப்போட்டி, 150 ரப்பர் எனப்படும் முழுச் சுற்றுக்களாக, 1932 ஜனவரி வரை நீண்டது. ஒருபுறம் பெரும்பாலும் கல்பேர்ட்சனும் அவர் மனைவி ஜோசபினும். மறுபுறம் லென்சும் இளைஞரான ஒஸ்வல்ட் ஜேக்கபியும். நடுவராக இருந்த படை அதிகாரி அல்ஃபிரட் குருயென்தர், பின்னாளில் ஐரோப்பாவில் நேட்டோப் படைகளின் தலைமைத் தளபதியானார்.

அமெரிக்கா பொருளாதார மந்தத்தில் அமிழ்ந்து, வேலையற்றோர் உணவுக்கு வரிசையில் நின்ற காலம் அது. அந்நிலையிலும் நாளிதழ்கள் இச்சீட்டாட்டத்தை முதற்பக்கச் செய்தியாக்கின. 'நூற்றாண்டின் போர்' என்று அதற்குப் பெயரிட்டன. பாதிக்குமேல் ஆடிய பின்னர் லென்சுக்கும் ஜேக்கபிக்குமிடையே மனக்கசப்பு மூண்டு, ஜேக்கபி விலகிக்கொண்டார். முடிவில் கல்பேர்ட்சன் பக்கம் 8,980 புள்ளிகள் வித்தியாசத்தில் வென்றது. மக்கள் இதனை ஏன் தொடர்ந்தனர்? கணவன் மனைவி ஒரு கட்சியாய் ஆடியதும், பழைய முறைக்கும் புதிய முறைக்கும் நிகழ்ந்த வழக்கும், ஆட்டக்காரர் பிணக்கும் ஆவலைத் தூண்டின என்பது மெய். ஆனால் அவ்வாவலுக்குத் தீனியிட்டது வேறொன்று. பிரிட்ஜ் பற்றி எழுதும் பத்திரிகைகளின் வழக்கப்படி, வடக்கு, தெற்கு, கிழக்கு, மேற்கு என நால்வர் கைச்சீட்டுக்களையும் ஒரே கட்டத்தில் அச்சிட்டு, யார் எதை ஏன் இட்டார் என்று விளக்குவர். காலையில் தேநீர் அருந்தும் வாசகன், முந்தையநாள் ஆடியவருக்கே தெரிந்திராத மூன்று கைகளையும் அறிந்தவனாகிறான். 'இந்த இடத்தில் அவர் அந்தச் சீட்டை இட்டிருக்கலாமே' என்று வல்லுநரையே திருத்துகிறான். பார்வையாளனை ஆடுபவனுக்கும் மேலான இடத்தில் ஏற்றிவைத்த உபாயம் இது.

பின்வந்த ஐம்பது ஆண்டுகளும் இவ்வுபாயத்தின் விரிவே எனலாம். 1950களின் பிற்பகுதி தொட்டு, உலகப் போட்டிகளில் ஆட்டக்காரர் மூடிய அறையிலிருந்து ஆட, அப்பால் ஒரு மண்டபத்தில் பெரிய பலகையில் நால்வர் சீட்டுக்களும் அவையோருக்குக் காட்டப்பட்டன. விற்பன்னர் மேடையிலிருந்து ஒவ்வோர் ஆட்டத்தையும் விளக்கினர். அமெரிக்கத் தொலைக்காட்சியிலே 1959 முதல் 1964 வரை சார்ள்ஸ் கோரன் பிரிட்ஜ் ஆட்டங்களை விளக்கிவந்தார். அவர் சட்டம் பயின்றவர். வழக்கை நீதிபதிமுன் அடுக்குவதுபோலவே ஆட்டத்தை அவைமுன் அடுக்கினார். 2001 ஆம் ஆண்டில் தொடங்கிய 'பிரிட்ஜ் பேஸ் ஒன்லைன்' என்னும் இணையத்தளமோ, ஆட்ட மேசையருகே அமர்ந்தவர் சீட்டுக்களை ஒவ்வொன்றாகப் பதிய, உலகின் எம்மூலையிலுள்ளோரும் வல்லுநர் குறிப்புக்களோடு அதைப் பின்தொடர வழிசெய்தது.

இதே காலத்தில் போக்கர் என்னும் ஆட்டம் எதிர்நிலையில் தவித்துக்கொண்டிருந்தது. லாஸ் வேகாஸ் நகரின் உலகப் போக்கர் போட்டி 1970 இல் தொடங்கியது. 1970களிலேயே அது தொலைக்காட்சியிலும் காட்டப்பட்டது. ஆனால் கைச்சீட்டுத் தெரியவில்லை. பார்ப்பவர் கண்டது, இறுகிய முகங்களும் அடுக்கிய வில்லைகளுமே. ஒருவர் பெருந்தொகையை நடுவே தள்ளுகிறார். மற்றவர் சீட்டை எறிந்துவிடுகிறார். அவர் மெய்யாகவே வலிய கையோடு தள்ளினாரா, வெறுங்கையோடு மிரட்டினாரா என்பது தெரியாமலே காட்சி முடிந்துவிடும். கதையின் கடைசிப் பக்கத்தைக் கிழித்துவிட்டு நூலைக் கொடுத்தது போன்றதாயிற்று.

இக்குறையைக் கண்டு அதற்குக் கருவி சமைத்தவர் ஹென்றி ஒரன்ஸ்ரீன். போலந்தில் 1923 இல் பிறந்த யூதர். நாசிகளின் முகாம்கள் பலவற்றில் கிடந்து உயிர்தப்பியவர். பெற்றோர் கொல்லப்பட்டனர். முகாமொன்றில் விஞ்ஞானிகளைப் பதியுமாறு அறிவித்தபோது, விஞ்ஞானி அல்லாத அவர் தம் பெயரையும் உடன்பிறந்தார் பெயரையும் துணிந்து பதிந்தார். அத்துணிவு அவர் உயிரைக் காத்தது. பின்னர் அமெரிக்கா சென்று விளையாட்டுப் பொருள் வணிகத்தில் செழித்தார். கையில் இல்லாததை இருப்பதாகக் காட்டி நிற்பதன் விலையை அவரினும் நன்கறிந்தவர் யார்? ஆட்டக்காரரின் மறைசீட்டைப் பார்வையாளருக்கு மட்டும் காட்டும் கமரா முறைக்கு அவர் 1995 இல் உரிமப் பத்திரம் பெற்றார். 1999 இல் இங்கிலாந்தின் தொலைக்காட்சி நிகழ்ச்சியொன்று, மேசையில் கண்ணாடித் துண்டு பதித்து அதன்கீழ்க் கமரா வைத்து இதே கருத்தைச் செயலாக்கிற்று. சில ஆண்டுகளில் அமெரிக்காவும் பின்பற்றியது.

2003 ஆம் ஆண்டின் உலகப் போட்டி இதன் விளைவை எல்லோருக்கும் காட்டிற்று. ரெனசி மாநிலக் கணக்காளர் கிறிஸ் மணிமேக்கர், நூறு டொலருக்கும் குறைந்த கட்டணத்தோடு இணையத்தில் ஆடி வென்று, பத்தாயிரம் டொலர் கட்டணமுள்ள அப்போட்டிக்குத் தகுதி பெற்றிருந்தார். இறுதியில் அவர் எதிரே அமர்ந்தவர், தொழில்முறை ஆட்டக்காரரான சாம் ஃபாஹா. ஒரு கட்டத்தில் ஃபாஹாவிடம் ஒன்பதாம் இலக்கச் சோடி இருந்தது, மணிமேக்கரிடம் ஒன்றுமில்லை. அவர் தம் வில்லைகள் அனைத்தையும் முன்தள்ளினார். வெறுங்கை என்பது வீட்டிலிருந்தோர் அனைவருக்கும் தெரியும். எதிரே இருந்தவர் ஒருவருக்குத்தான் தெரியாது. ஃபாஹா நெடுநேரம் எண்ணிச் சீட்டை மடக்கினார். மணிமேக்கர் 25 இலட்சம் டொலர் பரிசை வென்றார். அவ்வாண்டு 839 பேர் கலந்துகொண்ட முதன்மைப் போட்டியில் 2004 இல் 2,576 பேரும், 2005 இல் 5,619 பேரும், 2006 இல் 8,773 பேரும் கலந்துகொண்டனர்.

இவ்வெண்களைக் கண்டு மகிழ்வதா, அஞ்சுவதா? போக்கர் பணத்தோடு பிணைந்த ஆட்டம். வென்றவர் முகத்தைக் கமரா காட்டியது. தோற்று வீடு திரும்பியவர் எண்ணற்றோரின் முகத்தை அது காட்டவில்லை. அவை கூட்டும் கலைக்கு நன்மை தீமை தெரியாது. எதற்காகக் கூட்டுகிறோம் என்பதை மனிதன்தான் தீர்மானிக்க வேண்டும்.

இனிப் பணயமில்லாத, ஆனால் முன்சொன்ன இரண்டினும் சிக்கலான ஓர் இனத்துக்கு வருவோம். 1993 ஆம் ஆண்டில் ரிச்சட் கார்ஃபீல்ட் என்னும் கணித அறிஞர் 'மெஜிக்' என்னும் ஆட்டத்தை ஆக்கினார். இதில் ஒவ்வொரு சீட்டிலும் அதற்கே உரிய விதி எழுதப்பட்டிருக்கும். ஆடுவோர் தமக்கு வேண்டிய சீட்டுக்களைத் தாமே தெரிந்து கட்டமைத்து வருவர். இதுவரை வெளிவந்த வெவ்வேறு சீட்டுக்கள் இருபதாயிரத்துக்கும் மேல். ஐம்பத்திரண்டு சீட்டை விளக்கவே ஆசிரியர் தேவைப்பட்டதெனின், இருபதாயிரத்தை அவைக்கு விளக்குவது எங்ஙனம்?

விடை எதிர்பாராத திசையிலிருந்து வந்தது. 2007 இல் ஜஸ்ரின் கான் என்னும் அமெரிக்க இளைஞர், தம் தொப்பியில் கமராவைப் பூட்டித் தம் அன்றாட வாழ்வை இணையத்தில் நேரலையாகக் காட்டினார். அம்முயற்சியிலிருந்து கிளைத்ததே, விளையாட்டுக்களை நேரலையாக்கும் 'ட்விச்' என்னும் தளம். 2011 இல் திறக்கப்பட்ட அதனை 2014 இல் அமேசன் கொம்பனி ஏறத்தாழ 97 கோடி டொலருக்கு வாங்கிற்று. அதே 2014 இல் 'ஹார்த்ஸ்டோன்' என்னும் கணினிச் சீட்டாட்டம் வெளியாயிற்று. முப்பது சீட்டுக் கொண்ட கட்டு. ஒருவர் ஆடும்போது மற்றவர் குறுக்கிட இயலாது. அந்த அமைதியான இடைவெளி, ஆடுபவர் வாய்திறந்து பேசுவதற்கு உகந்ததாயிற்று.

ஈண்டுதான் பெரிய மாற்றம் நிகழ்ந்தது. எதிராளி இப்போது முழங்கை தொடும் தூரத்தில் இல்லை. கடலுக்கு அப்பால் இருக்கிறார். ஆகவே ஆடுபவர் தம் சீட்டைக் காட்டலாம். தம் எண்ணத்தையும் உரக்கச் சொல்லலாம். 'என் கையில் இது இருக்கிறது. எதிராளி இரண்டு முறை அந்தச் சீட்டை இடவில்லை. ஆதலின் அவரிடம் அஃது இல்லை என்று கொள்கிறேன். எனினும் ஒன்றை மட்டும் காத்துவைக்கிறேன்.' இவ்வாறு சிந்தனை உருவாகும்போதே அது செவிக்கு வருகிறது. பத்திரிகைக் கட்டமும் மண்டபப் பலகையும் பார்வையாளனை நால்வருக்கும் மேலே, எல்லாம் அறிந்த இடத்தில் ஏற்றின. நேரலையோ அவனைக் கீழே இறக்கி, முந்நூற்றுநான்கு ஆடுபவரின் முதுகுக்குப் பின்னே நின்ற பழைய இடத்துக்கே கொண்டுவந்தது. ஆனால் ஒரு வேறுபாடு: இப்போது ஆடுபவர் திரும்பிப் பார்த்துப் பேசுகிறார். பார்வையாளனும் எழுத்தால் வினவுகிறான். எதிராளியின் கை இருவருக்குமே தெரியாது. அறியாமையை இருவரும் பங்கிட்டுக்கொள்கிறார்கள், அதனால் தோழராகிறார்கள்.

இதற்கும் ஓர் இடர் உண்டு. எதிராளியே அந்நேரலையைத் திறந்துவைத்துக் கைச்சீட்டைத் திருடிப் பார்க்கலாம். அதனைத் தடுக்கப் பலர் தம் காட்சியைச் சில நிமிடங்கள் தாமதித்து அனுப்புகின்றனர். ஆனால் தாமதம் கூடக்கூட, கேள்விக்கும் விடைக்கும் இடையே தூரம் வளர்ந்து உரையாடல் தளரும். களவுக்கும் தோழமைக்கும் நடுவே அவர்கள் ஓர் அளவைக் கண்டுபிடிக்க வேண்டியிருக்கிறது.

அவையை வளர்த்தவர்கள் செய்ததை நோக்கின் அதில் மந்திரம் ஒன்றுமில்லை. குறித்த நாளில், குறித்த நேரத்தில் வருகிறார்கள். வானொலி நேயர்களாகிய உங்களுக்கு இதன் அருமையை நான் சொல்ல வேண்டியதில்லை. சீட்டை இடுவதற்கு முன்னரே காரணத்தைச் சொல்கிறார்கள். இட்டபின் சொல்வது நியாயப்படுத்தல், முன் சொல்வதே கற்பித்தல். சீட்டின்மேல் சுட்டியை வைத்தால் அதன் விதி தோன்றுமாறு திரையை அமைக்கிறார்கள். நூறு பேர் முன்னரே கேட்ட கேள்வியை நூற்றோராவது புதியவன் கேட்கும்போதும் சலியாது விடையளிக்கிறார்கள். தோற்ற ஆட்டத்தையும் மறைக்காது ஆராய்கிறார்கள்.

இவை வாய்க்காதபோது நேர்வதைக் காட்டும் எடுத்துக்காட்டும் உண்டு. மெஜிக்கை ஆக்கிய அதே கார்ஃபீல்ட், வால்வ் என்னும் பெருங்கொம்பனியோடு சேர்ந்து 'ஆர்ட்டிஃபாக்ட்' என்னும் சீட்டாட்டத்தை ஆக்கினார். 2017 இல் சியாட்டில் நகர மண்டபத்தில் அறிவித்தபோதே அவையிலிருந்து ஏமாற்றக் குரல் எழுந்தது. 2018 நவம்பர் 28 இல் வெளியான அதனை முதல்நாளில் ஒரே நேரத்தில் ஏறத்தாழ 60,000 பேர் ஆடினர். சில மாதங்களில் அத்தொகை ஆயிரத்துக்கும் கீழே போயிற்று. ஆழமான ஆட்டம் என்று வல்லுநர் பலர் மெச்சியது உண்மை. ஆனால் மூன்று களங்களில் ஒன்றன்பின் ஒன்றாக ஆடவேண்டும். ஒரு களத்தில் கண்ணை வைத்தவன் மற்ற இரண்டையும் நினைவிலேயே சுமக்கவேண்டும். ஆடுபவருக்கு அஃது இன்பம். புதிதாய் வந்து பார்ப்பவனுக்கு நூலறுந்த பட்டம். விளங்கிக்கொள்ள ஆடிப்பார்ப்போமெனில், இருபது டொலர் கொடுத்து உள்ளே நுழைந்தபின்னும் சீட்டுக்களுக்கு மேலும் செலவிட வேண்டும். வாயிலும் அடைபட்டது, சாளரமும் அடைபட்டது. 2019 மே மாதத்தில் ட்விச் தளத்தில் அவ்வாட்டத்துக்குரிய பகுதி வெறிச்சோடிக் கிடக்க, அதில் தொடர்பற்ற திரைப்படங்களையும் தகாத காட்சிகளையும் சிலர் புகுத்தினர். பாழ்மண்டபத்தில் வௌவால் குடியேறியது போலாயிற்று. அவற்றைத் தடுப்பதற்காகப் புதியவர் ஒளிபரப்புவதையே தளத்தார் சிலகாலம் நிறுத்தினர். 2021 மார்ச்சில் கொம்பனி தன் முயற்சியைக் கைவிட்டு, ஆட்டத்தை இலவசமாக்கிற்று.

கடினமான பொருளை மக்கள் விரும்பார், அதை நீர்த்துப்போகச் செய்தால்தான் கூட்டம் சேரும் என்று கூறுவோர் எக்காலத்தும் உளர். சீட்டாட்டத்தின் வரலாறு அக்கூற்றை மறுக்கிறது. பிரிட்ஜ் எளிதாக்கப்பட்டதால் நாளிதழின் முதற்பக்கத்தை அடையவில்லை. மெஜிக் போன்ற ஆட்டங்களை இன்று இளைஞர் மணிக்கணக்கில் பார்ப்பதும் அவை எளியன என்பதால் அன்று. மறைந்திருந்த சிந்தனையை ஒருவர் வெளியே சொன்னார். அதனால் அவை கூடிற்று. யாரும் சொல்ல முன்வராத இடத்தில் பெரும் பொருட்செலவும் பயன்படவில்லை.

பிறர் சீட்டாடுவதைப் பிள்ளைகள் பார்த்துக்கொண்டிருக்கிறார்களே என்று கவலையுறும் பெற்றோரை நான் நாள்தோறும் சந்திக்கிறேன். பணயம் கலந்த ஆட்டமாயின் அக்கவலை முற்றிலும் நியாயமே. படிக்கும் பொழுதையும் உறங்கும் பொழுதையும் அது விழுங்குமாயின் அப்போதும் நியாயமே. அவ்விரண்டும் அல்லவெனின், ஒன்று செய்து பாருங்கள். திரையை மூடச் சொல்வதற்கு முன், 'அவர் ஏன் அந்தச் சீட்டை இடாமல் வைத்திருக்கிறார்?' என்று பிள்ளையைக் கேளுங்கள். காரணத்தை அவன் ஒழுங்காகச் சொல்வானாயின், வெறுமனே பொழுது போக்கவில்லை, பிறர் சிந்தனையைப் பின்தொடரப் பழகுகிறான் என்று அறியலாம். சொல்லத் தெரியாது விழிப்பானாயின், அவன் ஆட்டத்தைப் பார்க்கவில்லை, திரையின் ஒளியைத்தான் பார்த்துக்கொண்டிருந்தான் என்பது தெளிவாகும்.